சிங்கப்பூர் வெக்கையிலும் நிற்கும் கிரீம்: வீட்டு கேக் அலங்காரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கேக் செய்பவர்களுக்கு கேக் நன்றாகத்தான் வருகிறது. மேலே பூசும் கிரீம்தான் ஆளை அழ வைக்கிறது. காணொளியில் பார்த்த கிரீம் அசையாமல் நிற்கிறது. அதே அளவில் நாம் செய்தது மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் சரிந்துவிடுகிறது. அந்தச் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டவை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையோ பகலில் 30 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். அதனால் என்ன கிரீம் என்று யோசிப்பதற்கு முன்னால், கேக் எங்கே வைக்கப்படும், எவ்வளவு நேரம் வெளியே இருக்கும் என்பதை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

அப்படியானால் எந்த இடத்துக்கு எந்தக் கிரீம்?

ஏர்கான் அறையில் வெட்டி உடனே சாப்பிடுவதென்றால் உங்களுக்குப் பிடித்த எதுவும் சரி. கிரீம் சீஸ், பால் கிரீம், எதற்கும் பயமில்லை.

வீட்டுக் கூடத்தில் மின்விசிறி மட்டும், விருந்தாளிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள், கேக் ஒரு மணி நேரமாவது மேசையில் இருக்கும் என்றால், கெட்டியான சாக்லெட் கனாஷ் (சாக்லெட்டும் பால் கிரீமும் கலந்த பூச்சு) அல்லது வனஸ்பதி கலந்த பட்டர்கிரீம் நல்லது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் விழா வைப்பவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நிழல் இருக்கும், ஆனால் வெக்கை குறையாது. அங்கே ஃபாண்டன்ட் (தகடாகத் தேய்த்த சீனிப் பிசைவு) போர்த்திய கேக்கோ கனாஷ் பூசிய கேக்கோ தாக்குப்பிடிக்கும். அசல் வெண்ணெயில் மட்டும் செய்த கிரீமை அங்கே வைக்கவே வைக்காதீர்கள். கேக்கைக் கடைசி நேரத்தில் வீட்டிலிருந்து இறக்க முடியுமா என்று பாருங்கள். பத்து மாடி மேலே ஃபிரிட்ஜ் இருக்கும்போது இரண்டு மணி நேரம் முன்னதாகவே கேக்கைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைப்பதில் எந்த லாபமும் இல்லை.

வெண்ணெய்க் கிரீம் ஏன் இவ்வளவு சீக்கிரம் உருகுகிறது?

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும்; அதற்கு வெகு முன்பே குழையத் தொடங்கும். நம் ஊர்ப் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. ஆக, வெண்ணெயின் எல்லைக்கோட்டிலேயே நாம் குடியிருக்கிறோம். வனஸ்பதி போன்ற கெட்டியான தாவரக் கொழுப்புகள் பெரும்பாலும் அதைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தால் நிற்கும் நேரம் நன்றாகவே கூடும். பாதிக்கு மேல் போனால் வாயில் மெழுகு ஒட்டியது போல இருக்கும். அந்த எல்லையை நான் தாண்டமாட்டேன்.

செய்முறைகளில் ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வது 18 முதல் 20 டிகிரி. இங்கே வெண்ணெயைக் காலையில் வெளியே எடுத்து வைத்தால் மதியம் அது எண்ணெய். அடிப்பதற்கு 15, 20 நிமிடம் முன்பு எடுத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் விரல் உள்ளே வழுக்கிக்கொண்டு போகக்கூடாது, மேல்பக்கம் பளபளக்கவும் கூடாது.

சாதாரண பட்டர்கிரீமுக்கு அளவு என்ன?

12 கப்கேக்குக்கு: வெண்ணெய் 250 கிராம், அதாவது கடையில் விற்கும் ஒரு கட்டி, ஐசிங் சீனி 400 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஒரு தேக்கரண்டி, பால் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. வெண்ணெயை மட்டும் ஐந்து நிமிடம் நன்றாக அடியுங்கள், மஞ்சள் வெளுத்து வெள்ளையாகும். அப்புறம் சலித்த சீனியை மூன்று தடவையாகச் சேருங்கள். பாலைக் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். இங்கே பெரும்பாலும் தேவைப்படாது.

தித்திப்பு தாங்கவில்லை. பெரியவர்கள் கிரீமை வழித்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். வேறு வழி?

சீனியைக் குறைத்தால் மேலே சொன்ன கிரீம் தளர்ந்துவிடும், ஏனென்றால் அதற்கு உடம்பு கொடுப்பதே சீனிதான். உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் ஓரளவு உதவும். ஆனால் உண்மையான தீர்வு வேறு வகைக் கிரீமுக்கு மாறுவதுதான்.

சுவிஸ் மெராங் பட்டர்கிரீம் என்பது முட்டையின் வெள்ளைக்கருவில் செய்வது. 4 பெரிய முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் சீனி. இரண்டையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே 71 டிகிரி வரை சூடேற்றுங்கள். ஒரு சமையல் வெப்பமானி கட்டாயம் வேண்டும். முட்டையில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில்தான் சாகும். பிறகு கெட்டியான நுரையாக அடித்து, 300 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பட்டு மாதிரி வரும், தித்திப்பு பாதிதான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பாத்திரத்தின் அடி சூடில்லாமல் ஆகும் வரை அடியுங்கள்’ என்பார்கள். இங்கே எவ்வளவு நேரம் அடித்தாலும் பாத்திரம் அறையின் 30, 31 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் வெண்ணெயைப் போட்டால் உருகித் தண்ணீராகிவிடும். நுரை கெட்டியானதும் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்து எடுத்து, அதன் பிறகு வெண்ணெயைச் சேருங்கள்.

முட்டை சேர்க்காத வீடு எங்களுடையது. தித்திப்பும் குறைவாக வேண்டும்.

எர்மின் கிரீம் செய்யுங்கள். இதைத் தமிழ் வீடுகளில் ஏன் அதிகம் செய்வதில்லை என்று எனக்குத் தீராத ஆதங்கம். மாவுக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த எவருக்கும் இது கைவரும். மைதா 4 மேசைக்கரண்டி, சீனி 200 கிராம், பால் 240 மில்லி. கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடியில் கோடு விழுந்து, அது மெதுவாக மூட வேண்டும். அதுதான் பதம். மேலே ஏடு கட்டாமல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை (கிளிங் ராப்) அதன் மேலேயே படும்படி மூடி, ஃபிரிட்ஜில் ஆறவிடுங்கள். பிறகு 250 கிராம் வெண்ணெயை வெளுக்க அடித்து, ஆறிய கஞ்சியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தால் மேகம் போலப் பொங்கும். பாலை ஏலக்காய் போட்டுக் காய்ச்சலாம், குங்குமப்பூ போடலாம். ரசமலாய் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமான கிரீம் இல்லை. பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுப் பாலில் கொதிக்க வைத்தால் அதுவும் அருமை.

இதுவும் வெண்ணெய்க் கிரீம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏர்கான் அறைக்கு உரியது.

கிரீம் திரிந்துவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். திரிதிரியாக, தண்ணீர் விட்டுப் பிரிந்தால் அது அதிகக் குளிர்ச்சி. கால் கோப்பை அளவு எடுத்து மைக்ரோவேவில் சில வினாடி உருக்கி, மீண்டும் ஊற்றி அடியுங்கள், சேர்ந்துவிடும். கூழாக ஓடினால் அது சூடு. 15 நிமிடம் ஃபிரிட்ஜ், பிறகு அடி. பெரும்பாலான கிரீமை இந்த இரண்டில் ஒன்று காப்பாற்றிவிடும்.

கனாஷ் எந்த விகிதத்தில்?

கறுப்பு சாக்லெட் என்றால் எடையில் 2 பங்குக்கு பால் கிரீம் 1 பங்கு. வெள்ளை சாக்லெட் என்றால் 3 பங்குக்கு 1, வெளியே வைக்கும் கேக்குக்கு 4 வரைகூடப் போகலாம். வெளிநாட்டுச் செய்முறையில் வரும் ஒன்றுக்கு ஒன்று இங்கே ஊற்றுவதற்குத்தான் ஆகும், பூசுவதற்கு ஆகாது. முதல் நாள் இரவே செய்து மூடி வைத்தால் மறுநாள் பூசும் பதத்தில் இருக்கும்.

அக்கம்பக்கத்துக் கேக் கடைகளில் போடும் அந்த வெள்ளைக் கிரீம் என்ன?

பெரும்பாலும் பால் அல்லாத விப்பிங் கிரீம். பனைவிதை எண்ணெயில் செய்தது, ஏற்கெனவே தித்திப்பு சேர்த்தது, பால் கிரீமைவிட வெயிலை நன்றாகத் தாங்கும். சில்லென்று இருக்கும்போதே அடிக்க வேண்டும். சுவையில் எனக்குப் பால் கிரீம்தான் மேல். 300 மில்லி பால் கிரீமோடு 100 கிராம் மஸ்கர்போன் என்ற இத்தாலியச் சீஸ் சேர்த்து அடித்தால் கொஞ்சம் உறுதியாக நிற்கும். இன்னொன்று: ‘பால் அல்லாதது’ என்று போட்டிருந்தாலும் பலவற்றில் கேசினேட் என்ற பால் புரதம் இருக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

சமையலறையில் ஏர்கான் இல்லை. எங்கே வைத்து அலங்கரிப்பது?

படுக்கையறையில். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து கேக் செய்யும் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அரை மணி நேரம் முன்னதாக ஏர்கானைப் போட்டு, மடக்கு மேசை ஒன்றைத் துடைத்து விரித்து, சுழல்தட்டை வைத்துக்கொள்ளுங்கள். கேக் அடுக்குகளை முதலில் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, மெல்லிய முதல் பூச்சு பூசி, 20, 30 நிமிடம் மறுபடி ஃபிரிட்ஜ். கேக் துகள் எல்லாம் அந்த முதல் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் முழுப் பூச்சு.

கிரீமைப் பிதுக்கும் பைப்பிங் பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கைச்சூடு ஒரு பெரிய எதிரி. பத்துப் பூ போட்டதும் விளிம்பு மழுங்க ஆரம்பித்தால் அந்தப் பையை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு இன்னொரு பையை எடுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கேக் வியர்க்கிறதே?

நம் காற்றில் அவ்வளவு ஈரம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மேலும் இங்கே நீர் படியும். 4 டிகிரி கேக் சும்மா இருக்குமா? கேக்கை அட்டைப்பெட்டிக்குள் மூடியே ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்காமல் ஏர்கான் அறையில் கொஞ்ச நேரம் விடுங்கள். நீர் பெட்டியின் மேல் படியும், அட்டையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஃபாண்டன்ட் வியர்த்துவிட்டால் தொடவே தொடாதீர்கள், விரல் தடம் அப்படியே நிற்கும். மெல்லிய காற்றில் தானாகக் காயும்.

நிறத் தூவல்களைப் பரிமாறும் முன்தான் தூவ வேண்டும். முன்கூட்டியே தூவினால் சாயம் ஒழுகும்.

சிவப்பு கேட்டால் ரோஸ் வருகிறது, கறுப்பு கேட்டால் சாம்பல் வருகிறது.

நீர்ச்சாயத்தை விட்டு ஜெல் சாயத்துக்கு மாறுங்கள். சிவப்பும் கறுப்பும் ஓர் இரவு மூடி வைத்தால் தானாக ஆழமாகும். அவசரப்பட்டு இன்னும் இன்னும் ஊற்றினால் கசக்கும். கறுப்புக்கு சாக்லெட் பட்டர்கிரீமிலிருந்து தொடங்குங்கள். உருக்கிய சாக்லெட்டில் மட்டும் நீர்ச்சாயமும் சாதாரண ஜெல்லும் கூடாது, கட்டிபட்டுவிடும். எண்ணெய்ச் சாயம் கேட்டு வாங்குங்கள்.

இயற்கை நிறம் விரும்பினால் நம்மைச் சுற்றியே இருக்கிறது: சங்குப்பூவில் நீலம், பாண்டானில் பச்சை, சிவப்பு டிராகன் பழத்தில் ரோஸ், குலா மலாக்கா என்ற பனைவெல்லத்தில் பழுப்பு. சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும். அதை வேண்டுமென்றே செய்தும் பார்க்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறேன். பைப்பிங் பையின் நுனியில் போடும் நாசில் எத்தனை வாங்க வேண்டும்?

மூன்று போதும். வில்டன் என்ற நிறுவனத்தின் எண்களில் சொன்னால் 1எம் என்ற பெரிய நட்சத்திரம், 104 என்ற இதழ் நாசில், 2 என்ற சிறு வட்டம். 1எம் ஒன்றிலேயே சுருளும் வரும், ரோஜாவும் வரும். பையைச் செங்குத்தாகப் பிடித்து, கப்கேக்கின் நடுவில் தொடங்கி வெளியே சுற்றினால் ரோஜா. வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே ஏறினால் சுருள். தூக்குவதற்கு முன் அழுத்துவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வால் நீளும். ஐம்பது நாசில் கொண்ட பெட்டி வீணாகத் தூங்கும்.

கேக்கில் தமிழில் எழுத ஆசை. எழுத்தெல்லாம் அடைத்துக்கொள்கிறது.

இந்தக் கேள்வியை எவ்வளவு பேர் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். கடையில் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலம்தான் எழுதித் தருவார்கள். தாத்தா பாட்டியின் பெயரைத் தமிழில் எழுத நாம்தான் இருக்கிறோம்.

தமிழ் எழுத்தில் சுழி அதிகம். கோடு தடித்தால் ‘ழ’வும் ‘ள’வும் ‘ண’வும் உள்ளே அடைபட்டு ஒரே உருண்டையாகிவிடும். ஆகவே எழுத்தைப் பெரிதாக்குங்கள், கோட்டை மெலிதாக்குங்கள். 6 அங்குல கேக்கில் ‘இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்’ முழுவதும் கொள்ளாது. ‘வாழ்த்துகள்’ என்று மேலே, பெயரைக் கீழே எழுதினால் மூச்சுவிட இடம் இருக்கும். நீண்ட வாசகம்தான் வேண்டுமென்றால் கேக் பலகையைச் சுற்றி எழுதலாம்.

எழுதுவதற்கு நாசிலைவிட வெண்ணெய்த்தாளில் சுருட்டிய கூம்பு நல்லது. மருதாணி கூம்பு சுருட்டத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். அதே சுருட்டல், அதே பிடி. நுனியைக் குண்டூசித் தலை அளவே வெட்டுங்கள். ஆறிய கனாஷை நிரப்பி, நுனியைக் கேக்கில் தேய்க்காமல் அரை அங்குலம் மேலே தூக்கிப் பிடித்து, இழையைக் கீழே விழவிட்டு நடத்துங்கள். சுழிக்குக் கையை வளைத்தால் இழை தானாக வளைந்து படுக்கும். எழுத்தெல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசியாகப் புள்ளிகளை வையுங்கள். இடையிலேயே வைத்தால் மணிக்கட்டு பட்டு நசுங்கும்.

நம்பிக்கை வராதவர்கள் கணினியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கண்ணாடி போல இடவலம் மாற்றி, வெண்ணெய்த்தாளின் அடியில் வைத்து, உருக்கிய சாக்லெட்டால் அதன் மேல் வரையலாம். ஃபிரிட்ஜில் இறுகியதும் கேக்கின் மேல் கவிழ்த்துத் தாளை உரிக்க வேண்டும். அப்போது எழுத்து நேராக வரும்.

தீபாவளிக்குக் கோலம், மயில் போட எது தோதானது?

ஃபாண்டன்ட் பரப்பு என்றால் ராயல் ஐசிங், அதாவது வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் சேர்த்து அடித்து, காய்ந்தால் இறுகும் கலவை. பட்டர்கிரீம் பரப்பு என்றால் பட்டர்கிரீமோ கனாஷோதான். ராயல் ஐசிங்கைக் கொழுப்பு இளக்கிவிடும். கப்கேக்கின் மேல் புள்ளிக்கோலம் போடும்போது முதலில் பல்குச்சியால் புள்ளியைக் குத்திக்கொண்டு, 2ஆம் எண் நாசிலால் கம்பியைச் சுற்றுங்கள். ஐந்து புள்ளிக்கு மேல் கப்கேக் தாங்காது. 24 கப்கேக்கை ஒரு தட்டில் அடுக்கி ஒரே பெரிய கோலமாக இழுத்தால் பார்க்கிறவர் கண் அகலாது. ஆனால் அடுக்கிய பிறகுதான் வரைய வேண்டும். ராயல் ஐசிங் நம் ஈரக்காற்றில் காய வெகு நேரம் எடுக்கும். ஏர்கான் அறையில் மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

தேக்காவில் வாங்கிய பூவைக் கேக்கில் வைக்கலாமா?

மாலைக் கடைப் பூ சாப்பிடுவதற்காக வளர்த்ததல்ல, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அரளியோ நச்சே. உண்ணத்தகுந்த பூ என்று விற்பதை மட்டும் வாங்குங்கள். மல்லிகைதான் வேண்டுமென்றால் கிரீமில் 104ஆம் எண் நாசிலால் போடுங்கள், சரத்தைப் பலகையைச் சுற்றிக் கேக்கில் படாமல் வையுங்கள்.

அதே போலத்தான் மினுக்குத் தூளும். ‘நச்சற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உணவு அல்ல. ‘உண்ணத்தக்கது’ என்றும், உட்பொருள் பட்டியலும் இருக்க வேண்டும்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு எல்லா இனத்தவரும் வருகிறார்கள். ஒரே கேக்கை எல்லாரும் சாப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில. ஜெலட்டின் முதலாவது: அது பன்றி, மாடு, மீன் எதிலிருந்தும் வந்திருக்கலாம். மார்ஷ்மெல்லோவிலும் சில ஃபாண்டன்ட்டுகளிலும் ஒளிந்திருக்கும். ஜெல்லி அடுக்கு வேண்டுமென்றால் கடற்பாசி இருக்கவே இருக்கிறது. அடுத்து, பெட்டியின் உட்பொருள் பட்டியலில் வரும் எண்கள்: இ120 என்றால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம், இ904 என்றால் அரக்குப் பூச்சி தரும் மெருகு. பளபளப்பான மணித் தூவல்களில் பார்க்கலாம். வெனிலா எக்ஸ்ட்ராக்ட்டில் மதுசாரம் இருக்கும், மது சேர்க்காத வெனிலாவும் கிடைக்கிறது. முஸ்லிம் நண்பர்களுக்காக வாங்கும் பொருட்களில் முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். என்ன போட்டிருக்கிறது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் யாரும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. கடலை, முந்திரி, பாதாமையும் அதில் எழுதுங்கள்.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

பால் கிரீம், கிரீம் சீஸ், முட்டை சேர்ந்த கிரீம் எல்லாம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே எடுத்து, வெட்டி, மீதியை உள்ளே வைத்துவிடுங்கள். ஐசிங் சீனி நிறைந்த பட்டர்கிரீமும் கனாஷும் இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

எடுத்துச் செல்வது எப்படி?

எம்ஆர்டியில் சாப்பிடத்தான் தடை, கேக்கைக் கொண்டுபோகத் தடையில்லை. கப்கேக் என்றால் குழி வைத்த பெட்டியில் ரயிலிலேயே போகலாம். அடுக்குக் கேக்குக்கு வாடகைக் கார் நல்லது. மடியில் வேண்டாம், இருக்கையிலும் வேண்டாம், இருக்கை சரிந்திருக்கும். முன்பக்கக் கால்வைக்கும் இடத்தில், வழுக்காத விரிப்பின் மேல் வையுங்கள். அங்கே ஏர்கான் காற்றும் நேராகப் படும்.

பொருட்கள் எங்கே கிடைக்கும்?

1947இல் தொடங்கிய ஃபூன் ஹுவாட் கடைகளில் ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும். ரெட்மேன் என்பது அவர்கள் சொந்த முத்திரை. ஏலக்காய், குங்குமப்பூ, பிஸ்தா, ரோஜா இதழுக்கு லிட்டில் இந்தியாவும் முஸ்தஃபாவும்.

மீந்த கிரீமை என்ன செய்வது?

பட்டர்கிரீமைக் காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் வைத்தால் இரண்டு, மூன்று மாதம் இருக்கும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் சிறிது நேரம் வெளியே வைத்துத் திரும்ப அடித்துப் பயன்படுத்துங்கள். டப்பாவின் மேல் நிறத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். பால் கிரீம் மட்டும் உறைந்து இளகினால் பிரிந்துவிடும், அதை அன்றே பழத்தோடு சாப்பிட்டுவிடுங்கள்.